பௌதிகம் பயில விரும்புவோர் பாடவகுப்புத் தெரிதல்

மேல்நிலைப் பள்ளியின் இறுதிப் பரீட்சை முடிவுகள் வெளிவந்த நாள்முதல் கலாசாலைகள் திறக்கும் நாள்வரை உள்ள சில வாரங்கள், நம் புதுவை நகரத்து இல்லங்களில் அமைதி குன்றிய காலமாகும். பௌதிகத்தில் நாட்டமுடைய பிள்ளை உள்ள வீட்டில் அவ்வமைதிக் குறைவு சற்று மிகுதி. மருத்துவம் விரும்புவோர்க்குச் செல்லும் வழி ஒன்றே; அது கடினமாயினும் குழப்பமற்றது. பௌதிகம் விரும்புவோர்க்கோ வழிகள் பல. அவற்றுட் சில அப்பெயரைத் தாங்காதவை. அப்பெயரைத் தாங்கிய வேறு சிலவோ அப்பொருளை நன்கு தாங்காதவை. தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன் இதனை ஆராயப் புகுவது எற்றுக்கு எனின், என் தங்கை பௌதிகமே பயில்வேன் என்று உறுதியாக நிற்க, வீட்டில் விசாரணைப் பணி என் தலையில் விழுந்தது. அப்பொருட்டுச் சென்று கேட்டும் கண்டும் படித்தும் அறிந்தவற்றை, தம்பி தங்கையரை உடைய மாணவர்க்கும், மக்களை உடைய பழைய மாணவர்க்கும் பயன்படுமாறு ஈண்டுத் தொகுத்து எழுதுகின்றேன்.

பள்ளிப் புத்தகங்கள் இன்று இயற்பியல் என்று வழங்குவதனையே யான் பழைய வழக்குப்பற்றிப் பௌதிகம் என்கின்றேன். பூதங்களைப் பற்றியது பௌதிகம்; பொருள்களின் இயல்பைப் பற்றியது இயற்பியல். இரண்டும் நல்ல சொற்களே. எச்சொல்லால் வழங்கினும், அதனைக் கற்றல் என்பது யாது என்னும் வினாவிற்கு விடை தெளியாமல், எங்கே கற்பது என்னும் வினாவிற்கு விடை காண்டல் இயலாது. நம்மவர் பெரும்பாலும் இரண்டாவதனையே முதலிற் கேட்கின்றனர்.

முதல் வினாவிற்கு விடைகாண இந்நகரத்துப் பழஞ்செய்தி ஒன்று உதவும். புதுவைக்கும் இச்சாத்திரத்திற்கும் உள்ள உறவு நெடியது. 1689-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், சீயம் தேசத்தினின்றும் இங்கு வந்து தங்கிய ரிஷோ என்னும் சேசுசபைக் குருவானவர், வால்நட்சத்திரம் ஒன்றைத் தொலைநோக்கியாற் பார்த்துக்கொண்டிருக்கையில், தென்வானத்து ஆல்பா சென்டாரி என்னும் விண்மீன் ஒன்றன்று, இரண்டு என்று கண்டார். 1769-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடப்பதனை அளப்பதற்காக லெழான்டீல் என்னும் பிரெஞ்சு வானநூலார் இங்கே காத்திருந்தார். குறித்த காலையில் மேகம் வந்து மறைத்துவிட்டது. இவ்விரண்டும் பலர் எழுதியுள்ள செய்திகள். அத்துணை அறியப்படாத மூன்றாவது செய்தியே நமக்கு வேண்டுவது.

சென்னை வானாராய்ச்சிக் கூடத்திற் பணிபுரிந்த ஜான் வாரன் என்பார் 1825-இல் வெளியிட்ட 'கால சங்கலிதம்' என்னும் ஆங்கில நூலில், புதுவையில் வாழ்ந்த பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியுள்ளார். அக்கணிதர் சோழிகளைத் தரையிற் பரப்பிக் கூட்டியும் கழித்தும், சொற்களாக மாற்றி மனனம் செய்து வைத்திருந்த எண் வாய்பாடுகளைக் கொண்டும், அவ்வாண்டு மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். பிழை எவ்வளவு எனின், தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். ஏடும் எழுதுகோலும் இன்றிச் செய்த கணக்கிற்கு இஃது அரிய வெற்றியே. ஆயினும் அக்கணக்கு ஏன் அவ்வாறு செய்யப்படுகின்றது என்பதனை, அதன் அடிப்படையான வானநூற் கொள்கையை, அவர் சிறிதும் அறிந்திலர் என்று வாரன் கூறுகின்றார்.

எண்ணைச் சொல்லாக்கி, சொல்லை நினைவிலிருத்திய அப்பெரியார்பால் தமிழ் மாணவனாகிய எனக்குப் பெருமதிப்பு உண்டு. ஆனால், பௌதிகம் பயிலச் சென்ற ஒருவர் சில ஆண்டுகளுக்குப் பின் அவரைப்போலவே திரும்பி வருவாராயின், அவர் பௌதிகம் பயின்றார் என்று சொல்லல் தகாது. சோழிகளுக்குப் பதிலாகச் சூத்திரங்கள் இருக்கும், வேறுபாடு அவ்வளவே. வினா விடை நூலொன்றை மனனம் செய்து, எதிர்பார்த்த வினாக்களுக்கு எதிர்பார்த்த விடைகளை எழுதி, முதல் வகுப்பிற் தேறுவது இன்றும் நடைபெறுகின்றது. ஆகவே ஒரு பாடவகுப்பைப் பற்றி நாம் அறியவேண்டுவது, அது 'ஏன்' என்னும் வினாவை மாணவர் கேட்கவும் விடை காணவும் இடந்தருகின்றதா என்பதே. அதன் பெயர், அதன் கட்டடம், அதன் விளம்பரம் ஆகிய இவை பின்னரே.

அதனை வெளியிலிருந்து எவ்வாறு அறிவது? முதலில் கணிதத்தைப் பார்த்தல் வேண்டும். எந்தக் கலாசாலையிலும் பாடத்திட்டம் அச்சிட்டதாகவோ கணினியிலோ கிடைக்கும். அதில் முதலிரண்டு ஆண்டுகளில் கணிதத்திற்கு எத்தனை தாள்கள் உள, அவற்றில் நுண்கணிதம், திசையன், வகைக்கெழுச் சமன்பாடுகள், அணிகள் ஆகியவை உளவா என்று எண்ணிப் பார்க்கலாம். பௌதிகப் பட்டவகுப்பிற் சேரும் மாணவர் பலர் முதலாண்டில் மனந்தளர்வதற்குக் காரணம் பௌதிகம் அன்று, கணிதமே. ஒரு பொருளின் வேகம் நொடிக்கு நொடி மாறுங்கால் அம்மாற்றத்தைச் சொல்லும் மொழி நுண்கணிதம்; அம்மொழி அறியாதார்க்கு நியூட்டனின் விதியும் வெறும் வாய்பாடாகவே நின்றுவிடும். யாப்பறியாதவன் செய்யுளை நெட்டுருச் செய்வது போன்றதே அது. கணிதம் வேண்டாம் என்பதற்காகப் பௌதிகத்தைத் தெரிந்தெடுப்போரும் உளர் என்று கேள்வியுற்று யான் வியந்தேன்.

சென்னை மாநிலக் கலாசாலையிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் வரலாறு இதற்குத் தக்க சான்று. இராமானுஜனைப்போல் கணிதமே பயிலவேண்டும் என்பது அவர் விருப்பம். தந்தையாரோ, மகன் ஐ.சி.எஸ். உத்தியோகத்திற்குச் செல்லவேண்டும், அதற்குப் பௌதிகமே ஏற்றது என்று கருதினார். மகன் பௌதிக ஆனர்ஸில் தம் பெயரைப் பதிவு செய்துகொண்டு, கணித விரிவுரைகளுக்கும் சென்று அமர்ந்தார். பௌதிகப் பேராசிரியரும் அதற்குத் தடைசொல்லவில்லை. 1928-இல் சாமர்ஃபெல்டு என்னும் ஜெர்மானிய அறிஞர் சென்னைக்கு வந்தபோது, அவருடைய நூலைத் தாமே படித்து முடித்திருந்த அவ்விளைஞர் அவரைச் சென்று கண்டார். அந்நூல் வெளிவந்த பின்னர் அணுவைப் பற்றிய கொள்கையே மாறிவிட்டது என்று அவ்வறிஞர் கூறி, தாம் அச்சிற்குக் கொடுத்திருந்த புதுக் கட்டுரையின் தாள்களை அவர் கையிற் கொடுத்தனுப்பினார். மறு ஆண்டே, மாணவராக இருக்கும்போதே, சந்திரசேகரின் கட்டுரை இலண்டன் இராயல் சங்கத்தின் ஏட்டில் வெளிவந்தது. 1930-இல் பட்டம் பெற்று இங்கிலாந்து சென்ற அவருக்கு 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது. பரிசு இருக்கட்டும், நாம் கவனிக்கவேண்டுவன இரண்டு. அவர் பதிந்த வகுப்பின் பெயர் ஒன்று, அவர் கற்றது அதனினும் பெரிது. அதற்கு அக்கலாசாலை இடங்கொடுத்தது. மற்றொன்று, அச்சிட்ட பாடத்திட்டம் எப்போதும் சாத்திரத்திற்குச் சற்றுப் பின்னேதான் நடக்கும். ஆதலின் கற்பிப்போர் இன்றும் கற்றுக்கொண்டிருப்பவரா என்பது பாடத்திட்டத்தினும் முக்கியமானது.

கணிதத்திற்கு அடுத்தது ஆராய்ச்சிசாலை. தங்கையுடன் ஒரு கலாசாலையின் பௌதிக ஆராய்ச்சிசாலையைக் காணச் சென்றிருந்தேன். நிறமாலைமானிகள் துணி மூடி ஒழுங்காக இருந்தன. நியூட்டன் வளையங்களைக் காட்டும் நுண்ணோக்கி ஒன்றைச் சுற்றி ஐவர் நின்றனர். ஒருவர் வாசிக்க நால்வர் எழுதினர். அங்கிருந்த உதவியாளர் அன்புடையவர். "தம்பி, விடை எவ்வளவு வரவேண்டுமென்று பிள்ளைகளுக்கு முன்னமே தெரியும்" என்று மறைவின்றிச் சொன்னார். இது பல இடங்களில் உள்ள நிலையென்றே தோன்றுகின்றது. எனவே, பாடவகுப்பைத் தெரிவோர் ஆராய்ச்சிசாலையை நேரிற் காண இசைவு கேட்டல் வேண்டும். ஒரு கருவிக்கு எத்தனை பேர், கருவியை மாணவரே பொருத்துகின்றனரா அன்றிப் பிறர் பொருத்தியதில் எண்ணை மட்டும் வாசிக்கின்றனரா, அளவையில் நேரக்கூடிய பிழையைக் கணக்கிடுமாறு கேட்கின்றனரா, விடை வேறாக வந்தால் ஏன் வந்தது என்று விசாரிக்கின்றனரா, இறுதியாண்டில் ஒரு சிறு ஆய்வேனும் தாமே செய்ய விடுகின்றனரா என்று கேட்டறியலாம். புதுவைக் கணிதரின் கிரகணம் 52 நிமிடம் தவறியபோது அவரால் பிழை எங்கே என்று தேட இயலவில்லை. ஆராய்ச்சிசாலை கற்பிக்கவேண்டுவது அத்தேடலையே.

இனி, வீடுதோறும் எழும் பெரிய வழக்கிற்கு வருவோம். 'பௌதிகம் பிடிக்குமாயின் பொறியியல் படி. இரண்டும் ஒன்றுதானே' என்பது மாமன்மார், சித்தப்பன்மாருடைய வாதம். இவ்வாதத்தில் ஒரு பாதி உண்மை உண்டு. மற்றப் பாதியை அவர்களுக்கு விளக்குவதற்குக் கடற்கரைக்கு அழைத்துச் செல்வதே எளிது. நம் கடற்கரைச் சாலையில் நின்று பார்த்தால், ஆழ்கடலில் எத்திசையினின்று புறப்பட்ட அலையாயினும், கரையை அணுகுங்கால் கரைக்கு ஏறக்குறைய இணையாகவே திரும்பி வருவதனைக் காணலாம். ஏன் அவ்வாறு திரும்புகின்றது? ஆழங்குறைந்த நீரில் அலையின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஆழம் நான்கில் ஒன்றானால் வேகம் பாதியாகும். ஆகவே அலையின் ஒரு முனை ஆழங்குறைந்த இடத்தை முதலில் அடைந்து தயங்க, மறுமுனை விரைந்து வந்து சேர, அலைவரிசை முழுதும் கரையை நோக்கி வளைகின்றது. கண்ணாடியுட் புகும் ஒளி வளைவதும் இதே காரணத்தாலன்றோ என்று ஒருவர் மனம் அங்கிருந்து ஒளிக்குத் தாவுமாயின், அவர் பௌதிகத்திற்கு உரியவர்.

வேறொருவர் அதே இடத்தில் நின்று கருங்கற் குவியலைப் பார்த்து, இங்கிருந்த மணற்கரை எங்கே போயிற்று, அதனை எவ்வாறு மீட்பது என்று கேட்கலாம். 1980-களின் இறுதியில் அரியாங்குப்பத்து ஆற்று முகத்தில் துறைமுகத்திற்காகக் கட்டிய தடுப்புச் சுவர்கள், வடக்கு நோக்கி நகரும் மணலை மறித்தமையால் நகரத்தின் கரை தேய்ந்தது. 2018-இல் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தார் தலைமைச் செயலகத்தை அடுத்த கடலில் எஃகினாலான நீரடித் திட்டு ஒன்றை இறக்கிய பின்னர், அப்பகுதியில் மணல் மீண்டும் படிந்தது. அத்திட்டின் வடிவம், எடை, செலவு, இறக்கும் முறை ஆகியவற்றிலேயே ஒருவர் மனம் செல்லுமாயின், அவர்க்கு உரியது பொறியியல். இரண்டும் ஒரே அலையைப் பற்றியனவே. ஒன்று மற்றொன்றினும் தாழ்ந்ததன்று. ஆயினும் பொறியியல் வகுப்பில் பௌதிகம் என்னும் பெயரால் வருவது பெரும்பாலும் முதலாண்டில் ஓரிரு தாள்களே. அதன்பின் நான்காண்டும் அலை ஏன் வளைகின்றது என்று கேட்டுக்கொண்டிருக்க அங்கே பொழுதில்லை. பொறியியற் பௌதிகம் என்னும் பட்டவகுப்பைச் சென்னை ஐ.ஐ.டி. போன்ற சில இடங்கள் நடத்துகின்றன. அவற்றுட் புகும் பரீட்சை மிகக் கடினம்.

இவ்வழக்கில் இரு பக்கத்துக்கும் சாட்சி உண்டு. அப்துல் கலாம் 1954-இல் திருச்சி புனித வளனார் கலாசாலையில் பௌதிகப் பட்டம் பெறும் தறுவாயில்தான், தமக்குரிய துறை அதுவன்று, பொறியியலே என்று உணர்ந்ததாகத் தம் வரலாற்றில் எழுதியுள்ளார். சென்னைத் தொழில்நுட்பக் கழகத்திற் சேர்வதற்குப் பணமின்றி நின்றபோது, தமக்கையார் தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகுவைத்து உதவினார். அதே புனித வளனார் கலாசாலையிற் பௌதிக ஆனர்ஸ் பயின்ற ஜி. என். இராமச்சந்திரன், 1942-இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தார். அங்கே சர் சி. வி. இராமன் அவரைப் பௌதிகத்திற்கு இழுத்துக்கொண்டார். பின்னாளில் புரதங்களின் வடிவத்தை ஆராய்ந்து உலகப்புகழ் பெற்றவர் அவரே. ஒருவர் பௌதிகத்தினின்று பொறியியலுக்கும், மற்றவர் பொறியியலினின்று பௌதிகத்திற்கும் சென்றனர். பதினேழு வயதில் எடுக்கும் முடிவு மாற்றவொண்ணாதது என்று நடுங்குவோர் இவ்விருவரையும் நினைக்கலாம். ஆனால் மாற்றத்திற்கு ஒரு விலை உண்டென்பதற்கு அத்தமக்கையாரின் வளையல்களே சான்று.

புதுவையில் உள்ள வழிகளைச் சுருங்கக் கூறுவேன். இலாசுப்பேட்டையில் 1961-இல் தொடங்கிய தாகூர் அரசினர் கலாசாலையும், நகரத்துள் மகளிர்க்கென 1968-இல் தொடங்கிய பாரதிதாசன் அரசினர் கலாசாலையும் ஏழை மாணவர்க்குத் தாய்வீடு போன்றவை. கட்டணம் குறைவு, வீட்டினின்றே சென்று வரலாம். இடங்கள் சென்டாக் என்னும் அரசினர் குழுவின் வழியாகப் பள்ளி மதிப்பெண் நோக்கி வழங்கப்பெறும். நகரத்திற்கு வடக்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில், காலாப்பட்டில், 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த புதுச்சேரிப் பல்கலைக்கழகம் உள்ளது. அங்கே பள்ளிப்படிப்பு முடித்தவர் நேரே சேரக்கூடிய ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்ஸி. பௌதிக வகுப்பு நடைபெறுகின்றது. அதற்குக் கியூட் என வழங்கும் அகில இந்தியப் பொது நுழைவுப் பரீட்சை எழுதல் வேண்டும். தாமே ஆராய்ச்சி செய்யும் பேராசிரியர்கள் முதலாண்டு மாணவர்க்கும் பாடஞ்சொல்லுதல் இவ்வகுப்பின் சிறப்பு. இதனை அறியாமல், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தபின் விசாரிக்கத் தொடங்கி, விண்ணப்ப நாள் கடந்துவிட்டதைக் கேட்டு வருந்துவோர் உள்ளூரிலேயே உளர். அப்பரீட்சைக்குப் பள்ளி முடியுமுன்னரே விண்ணப்பித்தல் வேண்டும்.

2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின், மூன்றாண்டிற் பட்டத்துடன் வெளியேறலாம், அன்றி நான்காம் ஆண்டும் தங்கி ஆனர்ஸ் பெறலாம் என்னும் ஏற்பாடு வந்துள்ளது. தமிழ்நாட்டுக் கலாசாலைகளில் மூன்றாண்டுப் பட்டமே வழக்கு. எல்லை தாண்டிப் படிக்க எண்ணுவோர் இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்க. பிரெஞ்சுப் பள்ளியில் பக்கலோரேயா பரீட்சை தேறும் நம் நகரத்துப் பிள்ளைகளுக்கு முற்றிலும் வேறான வழி ஒன்று உண்டு: பிரான்சில் மூன்றாண்டு லிசான்ஸ் பட்டம், அல்லது கணிதத்தையும் பௌதிகத்தையும் இரண்டாண்டு கடுமையாகப் பயிற்றி உயர்கலைக் கழகங்களுக்கு அனுப்பும் ஆயத்த வகுப்பு. அஃது ஒரு சிலர்க்கே உரியதாகலின் விரிக்கவில்லை.

வெளியூர் செல்ல இயன்றவர்க்குத் திருப்பதியில் 2015-இலும், திருவனந்தபுரத்தில் 2008-இலும் தொடங்கிய ஐசர் எனப்படும் விஞ்ஞானக் கழகங்கள் அணித்தாக உள்ளன. அங்கே முதலில் எல்லா விஞ்ஞானங்களையும் பொதுவாகப் பயின்று, பின்னர்ப் பௌதிகத்தைத் தெரிந்துகொள்ளலாம். உயிரியலோ பௌதிகமோ என்று இன்னும் தெளியாத மாணவர்க்கு இது பெரிதும் ஏற்றது. பெங்களூர் விஞ்ஞானக் கழகம் 2011 முதல் நான்காண்டுப் பட்டவகுப்பு நடத்துகின்றது. புவனேசுவரத்து நைசருக்கு நெஸ்ட் என்னும் தனிப் பரீட்சை உண்டு. சென்னையை அடுத்த சிறுசேரியிலுள்ள கணித நிறுவனம் கணிதத்தையும் பௌதிகத்தையும் இணைத்தே கற்பிக்கின்றது; கணிதத்தில் வலிமையுள்ளவரே அங்கே நிலைப்பர்.

இவற்றின் புகழைக் கேட்டு, நம்போன்ற மிஷன் கலாசாலைகளைத் தாழ்வாக எண்ணவேண்டுவதில்லை. இராமன் விளைவைக் கண்டறிதலில் உடனுழைத்த கே. எஸ். கிருஷ்ணன், மதுரை அமெரிக்கன் கலாசாலையிலும் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையிலும் பயின்றவர். பின்னர்க் கிறிஸ்தவக் கலாசாலையிலேயே இரசாயனப் பகுதியில் செயல்முறை ஆசிரியராக இருந்தபோது, நண்பகல் இடைவேளையில் மாணவர் எவ்வினாவும் கேட்கலாம் என்று ஒரு கூட்டம் நடத்தினார். பௌதிகம், இரசாயனம், கணிதம் எதுவாயினும் கேட்கலாம். அயற் கலாசாலை மாணவரும் அதற்கு வந்தனர். அவ்விடைவேளை எந்தப் பாடத்திட்டத்திலும் அச்சிடப்பட்டதன்று. ஆதலின் சேர எண்ணும் கலாசாலையின் மேல்வகுப்பு மாணவர் இருவரையேனும் கண்டு, "வகுப்பு முடிந்தபின் ஐயம் கேட்டால் ஆசிரியர் நின்று விடை சொல்வாரா?" என்று விசாரித்தல் நன்று. கலாசாலையின் சிறப்பைக் கூறும் அச்சுத்தாளில் இதற்கு விடை இராது.

செலவைப் பற்றி ஒரு சொல். கோபுரம் கட்டப் புகுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்கிடும் மனிதனைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையை நாம் ஞாயிறுதோறும் கேட்பவர்கள். ஆயினும் கலாசாலை விஷயத்தில் முதலாண்டுக் கட்டணத்தையே கணக்கிடுகின்றோம். பௌதிகம் நெடும்பயணம். பட்டத்திற்கு மூன்று அல்லது நான்கு ஆண்டு, முதுபட்டத்திற்கு மேலும் ஓரிரண்டு, ஆராய்ச்சியை விரும்பினால் அதற்குமேல் ஐந்தோ ஆறோ. ஆராய்ச்சி மாணவர்க்குத் தேசியத் தகுதிப் பரீட்சை, ஜெஸ்ட் முதலியவற்றின் வழியாக உதவித்தொகை கிடைக்கும். அதுவரை செலவு குடும்பத்தினுடையது. பெண்பிள்ளையாயின், விடுதிச் செலவோடு 'அத்தனை தொலைவா' என்னும் கேள்வியும் சேர்கின்றது. அக்கேள்வி ஆண்பிள்ளைக்குக் கேட்கப்படுவதில்லை என்பதனை ஈண்டுக் குறியாமல் விடமுடியவில்லை. என் தங்கை காலாப்பட்டு வகுப்பிற்கு எழுதினாள், இடம் கிடைக்கவில்லை. திருப்பதிக்கு விண்ணப்பிக்க வீட்டார் இசையவில்லை. இப்போது அரசினர் கலாசாலை ஒன்றிற் பௌதிகம் பயில்கின்றாள். கணிதத்தைத் துணைப்பாடமாக எடுத்துக்கொண்டு, மாலையில் தானாகவும் கணிதம் படிக்கின்றாள்.

தமிழில் பயின்று வருவோர் முதலாண்டில் படும் துன்பத்தையும் சொல்லவேண்டும். பள்ளியில் 'முடுக்கம்', 'உந்தம்', 'நிலைமம்' என்று கற்றவர்க்குக் கலாசாலையில் எல்லாம் ஆங்கிலமாக வந்து நிற்கும். பொருள் தெரிந்தும் சொல் தெரியாமல் வாய்மூடி இருப்பவரை ஆசிரியர் சிலர் அறிவில்லார் என்று எண்ணிவிடுகின்றனர். விடுமுறை வாரங்களில் ஒரு சிறு ஏட்டில் தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் எதிரெதிரே எழுதிவைத்தால் இத்துன்பம் ஒரு மாதத்தில் நீங்கும். என் தங்கைக்கு யான் செய்த ஒரே உருப்படியான உதவி அவ்வேடுதான். அதனை எழுதும்போது, உந்தம் என்னும் சொல் உந்துதலினின்று பிறந்ததைக் கண்டு, தமிழ்ச்சொல்லே பொருளை விளக்குகின்றதே என்று அவள் மகிழ்ந்தாள்.

பிழைப்புக்கு வழி என்ன என்னும் கேள்வி இறுதியில் வந்தே தீரும். சர் சி. வி. இராமன் காலத்தில் அதற்கு விடையே இல்லை. 1907-இல் அவர் அரசாங்க நிதி இலாகாவிற் சேர்ந்து, பத்தாண்டுகள் பகலில் கணக்கும் மாலையில் ஆராய்ச்சியுமாகப் பெரும்பாலும் கல்கத்தாவில் வாழ்ந்தார். இன்று நிலை அவ்வளவு கொடியதன்று. ஆசிரியத் தொழில் உண்டு. சென்னைக்கும் புதுவைக்கும் இடையே கடற்கரையில் உள்ள கல்பாக்கத்து இந்திராகாந்தி அணு ஆராய்ச்சி நிலையம் உண்டு. ஜிப்மர் போன்ற மருத்துவமனைகளில் கதிர்வீச்சுச் சிகிச்சையின் அளவைக் கணித்துக் காவல்செய்யும் மருத்துவப் பௌதிகர்க்கு வேலை உண்டு, அதற்கு எம்.எஸ்ஸி. பௌதிகத்தின்மேற் கதிரியற் பௌதிகத்தில் தனிப்பயிற்சி பெறல் வேண்டும். இவை யாவும் முதுபட்டத்திற்குப் பின்னரே பெரும்பாலும் திறக்கும் கதவுகள். மூன்றாண்டுப் பட்டத்தோடு நின்றுவிடக் கருதுவோர், பௌதிகத்தால் மட்டும் தொழில் கிடைக்கும் என்று நம்பிச் சேர்தல் வேண்டா.

பள்ளி முடிவில் விரும்பிய இடம் கிடைக்காதவர்க்கு மூன்றாண்டு கழித்து வேறொரு வாயில் உண்டு என்பதனை நம் நகரத்தில் அறிந்தோர் சிலரே. பி.எஸ்ஸி. பட்டம் பெறுவோர் 'ஜாம்' என வழங்கும் பரீட்சையை எழுதி, ஐ.ஐ.டி.க்களில் எம்.எஸ்ஸி. வகுப்பிலும், பெங்களூர் விஞ்ஞானக் கழகத்தின் ஒருங்கிணைந்த ஆராய்ச்சி வகுப்பிலும் இடம் பெறலாம். எந்தக் கலாசாலையிற் பயின்றவர் என்று அங்கே கேட்பதில்லை. பரீட்சை பெப்ருவரி மாதத்தில் நடைபெறும். விண்ணப்பம் முந்தின ஆண்டின் இறுதி மாதங்களுக்கு முன்னரே தொடங்கிவிடும். 3 மணி நேரம், 60 வினாக்கள், 100 மதிப்பெண். அதன் பௌதிகப் பாடத்திட்டத்தில் முதலாவதாக நிற்கும் பகுதி கணித முறைகள்.